ஜாதிக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும்
(காணையில் ஆற்றிய சொற்பொழிவு)



"கொலைக்குத்தான் சட்டம் இருக்கிறதே, ஜாதிக் கொலைக்கென்று தனிச் சட்டம் எதற்கு?" என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலையும் கேளுங்கள்.

வீடு புகுந்து திருடன் கொலை செய்தால் ஊரே திரண்டு அவனைப் பிடித்துக் கொடுக்கிறது. ஜாதியின் பேரால் கொலை நடந்தாலோ சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை. "மானத்தைக் காப்பாற்றினான்" என்று மெச்சுகிறவர்கள்கூட உண்டு. சாவது ஒருவர்; பயந்து ஒடுங்குவது ஒரு தெரு முழுவதும். இரண்டும் ஒரே குற்றமாகுமா?

ஆகாது என்றுதான் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. மீசையை மழிப்பது, செருப்பு மாலை போடுவது, ஊர்விலக்கு வைப்பது எல்லாம் 2016 முதல் அதில் குற்றங்களாயின. அது அவசியமான சட்டம். ஆனால் அதன் கை எட்டாத இடமும் ஒன்றுண்டு.

விருத்தாசலம் பக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அவர்களும் நாமும் முன்பு ஒரே தென்னார்க்காடு ஜில்லா. அங்கே 2003-ல் ஒரு தாழ்த்தப்பட்ட வாலிபனையும் அவனை மணந்த ஜாதி இந்துப் பெண்ணையும் ஊரார் பார்த்திருக்க விஷம் புகட்டிக் கொன்றார்கள். 18 வருஷம் கழித்து, 2021-ல்தான் தீர்ப்பு வந்தது. தண்டனை பெற்ற 13 பேரில் பெண்ணின் தகப்பனும் அண்ணனும் உண்டு. போலீஸ் அதிகாரிகள் இருவரும் உண்டு!

அந்த வாலிபன் சாவுக்கு வன்கொடுமைச் சட்டம் வரும். அந்தப் பெண் சாவுக்கு வராது. அவள் தாழ்த்தப்பட்டவள் அல்லவே! கொன்றது ஒரே விஷம், ஒரே ஜாதி வெறி. சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் இரண்டு வேறு குற்றங்கள்.

2024-ல் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவில், ஜாதி முதலிய காரணத்துக்காக 5 பேரோ அதற்கு மேலோ கூடிக் கொல்வதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. தகப்பனும் அண்ணனும் இரண்டே பேராய்ச் சேர்ந்து கொன்றால் அப்பிரிவு என்ன செய்யும்?

ஆகவே, கொன்ற பின் தண்டிப்பது மாத்திரம் போதாது. மணத்தைத் தடுக்கக் கூட்டம் கூடுவதும், மிரட்டுவதும், பெண்ணை அடைத்து வைப்பதும் குற்றமாக வேண்டும். அடைக்கலம் தேடி வந்தவர்களை வீட்டாரிடமே ஒப்படைக்கும் போலீசும் பதில் சொல்ல வேண்டும். மத்தியச் சட்டக் கமிஷன் 2012-லேயே ஒரு மசோதா எழுதிக் கொடுத்தது. தமிழ்நாடு சர்க்கார் 2025 அக்டோபரில், இதற்கொரு சட்டம் பற்றி யோசனை சொல்ல நீதிபதி பாஷா தலைமையில் கமிஷன் அறிவித்தது. கமிஷனோடு நின்றுவிடாமல் பார்ப்பது நம் கடமை.

1967-ல் சுயமரியாதைத் திருமணம் செல்லுமென்று இந்நாட்டில் சட்டமாயிற்று. மணம் செல்லும் என்று எழுதினால் போதுமா? மணந்தவர்கள் உயிரோடிருக்க வேண்டாமா?