அடைக்கோழி இருந்த வகுப்பறை



திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. வேலைக்கென வந்தவர்கள் வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அங்கே கோழி வளர்க்க முற்றம் ஏது? ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். முட்டை எங்கிருந்து வருகிறது என்று மூன்றாம் வகுப்பில் கேட்டேன். "லாரியிலிருந்து, சார்" என்றான் ஒரு சிறுவன். சத்துணவு முட்டைகள் வண்டியில்தானே வருகின்றன! அவன் சொன்னது பொய்யன்று.

ஊர்ப்பாட்டி ஒருவரிடம் அடைக்கோழியை இரவல் பெற்று, வகுப்பின் மூலையில் கூடையில் வைக்கோல் பரப்பி, பத்து நாட்டுமுட்டைகளை அடை வைத்தோம். பொரிக்கும் கருவிகளும் உண்டு. ஆயின் மின்சாரம் நின்றால் அவை குளிர்ந்துவிடும். கோழியோ தன் உடற்சூட்டைத் தந்து, முட்டைகளை அவ்வப்போது தானே புரட்டிவிடும். குஞ்சுகளுக்குத் தாயும் இருக்கும்.

அரிஸ்டாட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன்பே முட்டைகளை உடைத்துப் பார்த்து, சிவந்த புள்ளியாய்த் துடிக்கும் இதயத்தைக் குறித்து எழுதினார். நாங்கள் உடைக்கவில்லை. ஏழாம் நாள் கதவுகளைச் சாத்தி, டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்தோம். சிலந்திக் கால்கள்போல் இரத்தக் குழாய்கள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தால் முட்டைகள் பதினொன்று! ஒன்று வெள்ளை வெளேரென்று, சத்துணவு முத்திரையோடு இருந்தது. சமையலம்மாவிடம் கெஞ்சி வாங்கி ஒரு சிறுமி ஒளித்து வைத்திருந்தாள். அதனுள் ஒன்றுமில்லை. பண்ணையில் முட்டைக்கென வளர்க்கும் பெட்டைகளோடு சேவல் இருப்பதில்லை. ஆதலால் கருவும் உண்டாவதில்லை என்று விளக்கினேன்.

"இது மெதுவாகப் படிக்கிற முட்டை, சார். இருக்கட்டும்" என்றாள். எடுத்தெறிய எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் ஒரு முட்டையில் சிறு துளை விழுந்தது. பிற்பகலாகியும் குஞ்சு வெளிவரவில்லை. "பாவம், உதவுங்கள் சார்" என்று பிள்ளைகள் துடித்தனர். நான் நகத்தால் ஓட்டைப் பெயர்த்தேன். இரத்தம் கசிந்தது, மாலைக்குள் குஞ்சு இறந்தது. துளையிட்ட பின்னும் ஓட்டின் உட்சவ்விலுள்ள இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்பவேண்டும். மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படவேண்டும். அதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். பயிற்சி பெற்ற ஆசிரியன் நான், இதை அறியாதவனல்லேன். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற அவசரம் என்னைக் கெடுத்தது. தவறு என்னுடையது என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன். அதன்பின் கூடையருகே சென்றபோதெல்லாம், "சார், தொடாதீர்கள்" என்று காவல் நின்றார்கள்.

ஏழு குஞ்சுகள் பொரிந்தன. முன்பே பேசியிருந்தபடி, தாயோடு அவற்றைப் பாட்டியின் முற்றத்துக்கு அனுப்பினோம். வெள்ளை முட்டை கூடையில் ஆறிக் கிடந்தது. அச்சிறுமி என்னிடம் டார்ச்சை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "பண்ணையில் ஒரு சேவலை விட்டால் என்ன, சார்?" என்று கேட்டாள்.