நிரற்களஞ்சியத்தில் தேடும் கருவிகள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வரலாறு கற்று, முப்பதாண்டுகளாகக் கரும்பலகையோடு பழகிய ஒரு தலைமையாசிரியர் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் புகுவது பொருந்துமா என்று விழாக் குழுவினரிடம் நாமே கேட்டோம். அவர்கள் விடவில்லை. நம் பிள்ளைகளில் பலர் இன்று நிரல் எழுதும் வேலைக்குச் செல்கின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பும்பொழுது பள்ளிக்கு வந்து நம்மைப் பார்க்கின்றனர். அவர்களிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் தெரிந்துகொண்டதையே ஈண்டுக் கூறப்போகிறோம். பிழையிருப்பின் துறையறிந்த இளைஞர்கள் எழுந்து திருத்தலாம். ஆசிரியரைத் திருத்தும் வாய்ப்பு மாணவனுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை அல்லவா!

நாம் முன்னர்ப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். முதியவர் ஒருவர் வந்தார். தாம் அப்பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்ததாகவும், பேரனின் சாதிச் சான்றிதழுக்காகத் தம் பள்ளிப் பதிவின் நகல் தேவைப்படுவதாகவும் கூறினார். எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்றோம். பெரும்புயல் அடித்ததற்கு அடுத்த ஆண்டு என்றார். பெயர் முனுசாமி. சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துப் போட்டு, நாமும் எழுத்தரும் இரண்டு நாள் தேடினோம். முனுசாமி என்று ஒருவரும் இல்லை. முனிசாமி, முனியசாமி என்றும் பார்த்தோம், இல்லை. மூன்றாம் நாள், தகப்பனார் பெயரையும் குடியிருப்பின் பெயரையும் வைத்துக்கொண்டு எழுத்தர் வேறு வழியாகத் தேடினார். கிடைத்தது. பதிவேட்டில் 'முனியன்' என்று எழுதியிருந்தது. அன்று அதை எழுதியவருக்கு நம் பிள்ளையின் பெயரோடு 'சாமி' என்று சேர்த்தெழுதக் கை கூசிற்றுப் போலும். காரணத்தை இந்த அவையில் உள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இன்றைய தலைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எழுத்தை வைத்துத் தேடுவது ஒரு வகை. தந்தை, ஊர் என்னும் உறவுகளை வைத்துத் தேடுவது ஒரு வகை. 'இவரும் அவரும் ஒருவரே' என்று பொருளால் அறிவது மற்றொரு வகை. நிரல்களைத் தேடும் கருவிகளும் பெரும்பாலும் இம்மூன்றுக்குள் அடங்குகின்றன.

நிற்க. நிரற்களஞ்சியம் என்பது யாது? கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளை எழுத்தில் எழுதிய கோப்புகளின் தொகுதியே அது. ஆங்கிலத்தில் ரெப்போசிடரி என்பர். எந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார் என்ற குறிப்பும் அதனுள் இருக்கும். இக்குறிப்பை வைத்துக் காக்கும் 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். அவர் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் முதலில் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளே கொண்டிருந்தது. இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. பக்கத்துக்கு 50 வரி என்று அச்சிட்டால் 6 லட்சம் பக்கம். 300 பக்க நூல்களாகக் கட்டினால் 2,000 நூல்கள். நம் சங்க நூலகத்தின் அலமாரிகள் இவற்றைத் தாங்கா. இவ்வளவையும் ஒருவர் முழுதும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது இயலாத காரியம்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்துவிட்டதே, அது எல்லாவற்றையும் ஒரே நொடியில் படித்துவிடாதா என்று மாணவர் கேட்கின்றனர். அப்படியன்று. அந்த உதவியாளர் ஒரே நேரத்தில் கண்முன் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துக்கு அளவு உண்டு. டோக்கன் எனப்படும் சொற்கூறுகளால் அதை அளக்கின்றனர். சிலவற்றில் அவ்வளவு 2 லட்சம். சிலவற்றில் 10 லட்சம். லினக்ஸ் கருநிரலில் வரிக்குப் பத்துச் சொற்கூறு என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 30 கோடி ஆகிறது. பத்து லட்சம் கொள்ளும் பாத்திரத்தைவிட அது முந்நூறு மடங்கு. மேலும், நீண்ட எழுத்தைக் கொடுத்தால், தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளதை நன்கு பயன்படுத்தும் மாதிரிகள் நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. வகுப்பில் நடு வரிசையில் உட்காரும் மாணவனை ஆசிரியர் கவனியாது விடுவது போலத்தான். ஆதலின், வேண்டிய பகுதியை மட்டும் தேடி எடுத்து அதன் முன் வைத்தாக வேண்டும். இந்தத் தேடலைச் செய்யும் கருவிகளே நம் பேச்சின் பொருள்.

இவற்றுள் மூத்தது 'கிரெப்'. இதன் பிறப்பு வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹோன் என்பவர், 'ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள்' எனப்படும் 85 கட்டுரைகளுள் எவையெவை யாருடையவை என்று ஆராய விரும்பினார். அவை 1787, 1788ஆம் ஆண்டுகளில் ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் புனைபெயரில் எழுதியவை. அன்றிருந்த 'எட்' என்னும் பதிப்புக் கருவியில் அத்தனை எழுத்தும் கொள்ளவில்லை. எனவே, கோப்பு முழுவதையும் நினைவில் ஏற்றாமல், வரிவரியாக ஓட்டிப் பார்த்து வேண்டிய சொல் உள்ள வரியை மட்டும் தருமாறு கென் தாம்சன் தனிக் கருவி ஒன்றைக் கொடுத்தார் என்று அவரோடு பணிபுரிந்த பிரையன் கெர்னிகன் கூறுகிறார். 'எட்' கருவியில் இருந்த ஒரு கட்டளையின் எழுத்துகளே அதற்குப் பெயராயின. இது 1973இல் யூனிக்ஸுடன் வெளிவந்தது. கொள்ளாத பாத்திரத்துக்காக அன்று பிறந்த கருவி, கொள்ளாத பாத்திரம் உடைய இன்றைய உதவியாளருக்கும் கைகொடுக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தொல்லை அதுவே, தீர்வும் அதுவே என்பதை அறிந்தபொழுது நமக்கு வியப்பாகவே இருந்தது.

ஆனால் களஞ்சியம் மிகப் பெரிதானால் வரிவரியாக ஓட்டுவது ஆகாது. கிட்ஹப் நிறுவனம் 2023இல் தன் தேடற்பொறியைப் பற்றி எழுதியபொழுது, அதில் ஏறத்தாழ 4.5 கோடி களஞ்சியங்களும் 115 டெராபைட் நிரலும் அடங்கியிருந்தன. கிரெப் முறையில் தேடினால் ஒரே ஒரு கேள்விக்கு 2,048 செயலிக் கருக்கள் 96 நொடி உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டனர். கேட்பவரோ ஆயிரக்கணக்கானோர். ஆதலின் முன்கூட்டியே அட்டவணை கட்டிவைக்கின்றனர். நூலின் இறுதியில் வரும் பொருளடைவு போன்றது இது. ஆயின் சொல்லுக்குப் பதிலாக மும்மூன்று எழுத்தாக வெட்டுவர். 'பதிவேடு' என்பதைப் 'பதிவே', 'திவேடு' என்று வெட்டி, ஒவ்வொரு துண்டும் எந்தெந்தக் கோப்பில் உள்ளது என்று குறித்துவைப்பர். தேடும்பொழுது இரண்டு துண்டும் உள்ள கோப்புகளை மட்டும் திறந்து பார்த்தால் போதும். கூகுள் நிறுவனம் 2006 முதல் நடத்திய நிரல் தேடல் இம்முறையில் இயங்கியதை, அது மூடப்பட்ட 2012இல் ரஸ் காக்ஸ் விளக்கி எழுதினார். கிட்ஹப் இதே கருத்தை மேலும் வளர்த்து, துண்டுகளின் நீளத்தை இடத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது.

எழுத்துத் தேடலுக்கு ஒரு குறை உண்டு. 'கூட்டு' என்று தேடினால் கூட்டும் கட்டளையும் வரும், கூட்டுறவுச் சங்கமும் வரும். இவற்றைப் பிரித்தறிய நிரலின் இலக்கணம் தெரிய வேண்டும். தமிழாசிரியர் வாக்கியத்தை எழுவாய், பயனிலை என்று பிரிப்பதுபோல நிரலை மரவடிவில் பிரித்துக் காட்டும் 'ட்ரீ-சிட்டர்' என்னும் கருவியை மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கினார். ஒரு செயற்கூறு எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெங்கே அழைக்கப்படுகிறது என்று கேட்டால் விடை சொல்லும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2016இல் பொதுநெறியாக வெளியிட்டது. நம் எழுத்தர் தகப்பனார் பெயரைப் பிடித்துக்கொண்டு மகனைக் கண்டதும் இவ்வகையே.

மூன்றாவது வகை பொருளைத் தேடுவது. 'உள்நுழைய முடியவில்லை' என்று பயனாளர் முறையிடுகிறார். நிரலிலோ அச்சொல்லே இல்லை. 'அத்தென்டிகேஷன்' என்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றி, பொருளால் நெருங்கியவை எண்களாலும் நெருங்கியிருக்குமாறு செய்துவிட்டால், சொல் வேறுபட்டாலும் இடம் கிடைக்கும். முனுசாமியும் முனியனும் அருகருகே வந்து நிற்பர். ஆனால் அருகே நிற்பதெல்லாம் உறவாகிவிடாது. வேறொரு முனியனும் அங்கே வந்து நிற்கக்கூடும். மேலும் நிரல் நாள்தோறும் மாறுவதால் எண்வரிசையையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கர்சர் என்னும் கருவி இந்த அட்டவணையைக் கட்டுகிறது. 2025இல் வந்த கிளாட் கோட் என்பதோ பழைய கிரெப் வகைத் தேடலையே பெரிதும் நம்பி, ஒருமுறை கிடைக்காவிடில் வேறு சொல்லால் மறுமுறை தேடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று நம் மாணவர் இருவர் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் வாதிட்டனர். முடிவு ஏற்படவில்லை, தேநீர்தான் இருமுறை ஆயிற்று.

இவ்வுதவியாளரின் திறமையை அளந்தோரும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2023இல், 12 பைத்தான் களஞ்சியங்களில் உண்மையாகவே எழுந்த 2,294 குறைபாடுகளைத் திரட்டித் தேர்வு வைத்தனர். அன்று முதலிடம் பெற்ற மாதிரி தீர்த்தவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நம் பள்ளியில் அந்த மதிப்பெண்ணுக்குப் பெற்றோரை அழைத்திருப்போம்! அடுத்த ஆண்டே அதே குழுவினர் மாதிரியின் கையில் தக்க கருவிகளைக் கொடுத்துப் பார்த்தனர். தேடினால் சுருக்கமான விடை தரும் கருவி ஒன்று, கோப்பை ஒருமுறைக்கு 100 வரி மட்டுமே காட்டும் கருவி ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் தீர்ந்தன. இதில் நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. 30 வரி மட்டும் காட்டியபொழுது பலன் குறைந்தது. கோப்பு முழுவதையும் காட்டியபொழுது இன்னும் குறைந்தது. பாடநூல் முழுவதையும் ஒரே நாளில் ஒப்பிக்கச் சொல்லும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பின்வந்த ஆண்டுகளில் அந்த மதிப்பெண் மிகவும் உயர்ந்துவிட்டது. மாதிரிகளும் வளர்ந்தன, கருவிகளும் வளர்ந்தன. உதவியாளருக்கும் கருவிகளுக்கும் இடையே பேச்சு நடைபெறப் பொதுநெறி ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டதும் இதற்குத் துணையாயிற்று.

குறைகளையும் மறைக்கக்கூடாது. தேடிக் கிடைக்காதபொழுது 'கிடைக்கவில்லை' என்று சொல்லாமல், இல்லாத செயற்கூறின் பெயரை இருப்பதுபோல் எழுதிவிடும் பழக்கம் இவ்வுதவியாளருக்கு உண்டு. படிக்கும் கோப்பினுள் தீயோர் எவரேனும் 'கடவுச்சொல்லை இங்கே அனுப்பு' என்று மறைவாக எழுதிவைத்திருந்தால், அதனையும் கட்டளை என்று மயங்கிச் செய்துவிடும் ஆபத்தும் உண்டு. கிடைத்த விடையைக் களஞ்சியத்தில் திறந்து பார்த்துச் சரிபார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு நிரலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இளைஞர்களே, இங்கேதான் உங்கள் கவலை நமக்குப் புரிகிறது. முதற்படி வேலைகளை எல்லாம் இயந்திரமே செய்துவிட்டால், ஏணியில் இப்பொழுதுதான் கால் வைத்த நம் பிள்ளைகளுக்குப் படி எங்கே என்று சென்ற மாதம் ஒரு மாணவி கேட்டாள். அவள் குடும்பத்தில் கல்லூரி கண்ட முதல் பெண் அவள். அவளுக்கு நிறைவான விடை ஒன்றும் நம்மிடம் இல்லை; இருப்பதுபோல் நடிக்கவும் நாம் விரும்பவில்லை. ஒன்று மட்டும் அவளிடம் கூறினோம். லினக்ஸ் கருநிரலும், கிட் கருவியும், ட்ரீ-சிட்டரும் யாவரும் எடுத்துப் படிக்குமாறு திறந்து கிடக்கின்றன. வாயிலில் நின்று ஊர் எது, தெரு எது என்று கேட்பார் எவருமில்லை. நம் பாட்டனார் காலத்தில் எட்டாதிருந்தது ஏடு. இன்று ஏடு எட்டுகிறது, எஞ்சியிருப்பது படிப்பு மட்டுமே. வேறொருவர் எழுதிய நிரலைத் தேடி, படித்து, இந்த வரி எதற்காக வந்தது என்று கிட் குறிப்பைக்கொண்டு சொல்லத் தெரிந்தவரை, உதவியாளர் தவறும்பொழுதெல்லாம் நிறுவனம் தேட வேண்டியிருக்கும். எவ்வளவு காலம், எத்தனை பேரை என்று நம்மால் அறுதியிட இயலாது. அவள் நம்மை முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மறுவாரமும் வந்தாள். கிட் குறிப்பு ஒன்றை எடுத்துக் காட்டி இதன் பொருள் என்ன என்று கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தோம்.

சங்கத்தின் கணிப்பொறி அறையில் மூன்று பழைய இயந்திரங்கள் உள்ளன. மூன்றிலும் லினக்ஸும், கிட்டும், 'ரிப்கிரெப்' என்னும் விரைவான தேடற்கருவியும் விலையின்றி ஏற்றப்பட்டுள்ளன. சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 7 மணிவரை அறை திறந்திருக்கும். சாவி நம்மிடமே இருக்கிறது. வருவோர் பெயரைப் பதிவேட்டில் தாமே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்துப் பேச வேண்டிய அம்மையார் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்.