மூக்கில் வளர்ந்த சதையும் கண்மாய்த் தண்ணீரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இஞ்சினியர் பாலத்தைப் பத்திப் பேசுவான்னு பார்த்தா, மூக்கைப் பத்திப் பேச வந்துட்டானே" என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் என் தாய்மாமா.

எங்கள் ஊர் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் கீழ்நாடு. மிளகும் மரவள்ளியும் கைகொடுக்காத வருஷத்தில் மாமா திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் வேலைக்கு ஏறினார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு போடும் வேலை. பகலெல்லாம் மண் தூசி; சாயங்காலம் கண்மாயில் முங்கிக் குளியல். மாடுகளும் அதே தண்ணீரில்தான். ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் தோண்டிக் கொடுத்தவர், தான் குளித்தது கலங்கல் தண்ணீரில்!

சில வருஷத்தில் ஒரு பக்க மூக்கு அடைத்தது. தும்மினால் ரத்தம். "உடம்புச் சூடுதான், மலைக்கு வந்தா சரியாயிடும் மாப்பிள்ளை" என்றார். ஓரிடத்தில் சதையை மட்டும் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள். திரும்பவும் வளர்ந்தது. புற்று என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தனித் தட்டில் சாப்பிட்டார். என் மகளைத் தூக்கக்கூட மாட்டார்.

கடைசியில் அரசு மருத்துவமனையில் சதையைப் பரிசோதித்துப் பெயர் சொன்னார்கள்: ரைனோஸ்போரிடியோசிஸ். சிவந்த சதையில் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நுண்வித்துகள் நிறைந்த பை. தேங்கிய நீரிலிருந்து, மூக்கின் உள்தோலிலுள்ள சிறு கீறல் வழியாக அது நுழைவதாகக் கருதுகிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும்தான் இது அதிகம். 1900-இல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் முதலில் விவரித்தார். 1923-இல் ஆஷ்வொர்த் இதைப் பூஞ்சை என்றார். 1999-இல் வந்த மரபணு ஆய்வோ, இது பூஞ்சையே அல்ல, மீன்களைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தின் உறவு என்று காட்டியது. பெயர் மாறினாலும் வைத்தியம் ஒன்றுதான்: சதையை அடியோடு எடுத்து, வேர்ப்பகுதியைச் சூடுவைத்துக் கரிக்க வேண்டும். திரும்ப வராமலிருக்க டாப்சோன் மாத்திரையும் கொடுப்பதுண்டு. அப்படியும் சிலருக்குத் திரும்ப வரும். அதனால் தொடர்ந்து காட்ட வேண்டும்.

மருத்துவர் சொன்ன இரண்டு வார்த்தைதான் மாமாவை எழுப்பி உட்கார வைத்தது: "புற்று இல்லை. ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது." ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் மகளைத் தூக்கிக்கொண்டார்.

மூக்குச் சதை எல்லாம் ஒன்றல்ல, நண்பர்களே. பூஞ்சை ஒவ்வாமையால் சைனஸில் பிசின் போன்ற சளி கட்டிச் சதை வளர்வது ஒரு வகை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், தமிழக அரசு அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கிய கறுப்புப் பூஞ்சை வேறு வகை. அது மூக்குச் சதை வளர்ச்சியே அல்ல, திசுவையே அழிப்பது. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களுக்கு முகம் வீங்கி, வலித்து, மூக்கில் கறுப்புத் தட்டி, பார்வை இரட்டையானால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மாமாவுக்கு வந்தது மெதுவாக வளர்வது. இது வேகமாகக் கொல்வது. பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நாமல்ல.

நம் பங்கு எது? தண்ணீர். வேலையிடத்தில் ஆட்கள் எங்கே குளிக்கிறார்கள் என்று நானும் பல வருஷம் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது என் எஸ்டிமேட்டில் சிமெண்ட், கம்பி மாதிரி, குளிக்க ஒரு தொட்டியும் குழாயும் ஒரு வரியாக இருக்கிறது. செலவு அதிகமில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் எஸ்டிமேட் போடுவீர்கள். அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள்.