பள்ளிக்கூடத்துக் கூரையும் நம்ம கடன் நோட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது, ஜூலை 2024)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பொதுச்சேவையும் மகளிரும்". ரொம்பப் பெரிய தலைப்பு. எனக்குத் தெரிஞ்ச பொதுச்சேவை எங்க ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிதானுங்க. ரெண்டு வருசமா அங்க பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியா இருக்கேன். அதனால அந்தக் கட்டடத்தை வச்சே பேசறேன்.

முதல்ல நம்ம கடன் நோட்டைப் பாருங்க. எங்க குழுவுல 14 பேர். இந்த ஜூன் மாசம் 6 பேர் உள்கடன் வாங்கினாங்க. எதுக்காகன்னு எழுதற கட்டத்துல ஆடு வாங்கன்னு ஒருத்தர், வீட்டுக்கு ஓடு மாத்தன்னு ஒருத்தர். மிச்சம் 4 பேரும் "படிப்புச் செலவு". படிப்புச் செலவுன்னா என்ன? வேன் வச்சுக் கூட்டிட்டுப் போற பள்ளிக்கூடத்துக்கு முதல் தவணை ஃபீஸ். நம்ம நாமக்கல் மாவட்டம் கோழிக்கும் லாரிக்கும் பேரு போனது மாதிரி தனியார் பள்ளிக்கூடத்துக்கும் பேரு போனது. வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் இங்க கொண்டுவந்து ஹாஸ்டல்ல விடறாங்க. அதை நான் குறை சொல்லலைங்க, அவங்கவங்க விருப்பம். ஆனா அந்த 4 பேர்ல ஒரு அக்காகிட்டக் கேட்டேன், ஏங்கக்கா, நம்ம ஊர்லயே சத்துணவு, சீருடை, புத்தகம் எல்லாம் இனாமாத் தர்றாங்களே, அங்கயே விடக்கூடாதான்னு. அந்தக்கா டீச்சரைக் குறை சொல்லலை, பாடத்தைக் குறை சொல்லலை. "அந்த ஓட்டுக் கட்டடத்துக்குக் கீழ என் புள்ளைய உக்கார வைக்கப் பயமா இருக்குது கண்ணு"ன்னாங்க.

அப்பத்தான் எனக்கு ஒரு கணக்குப் புரிஞ்சுது. கூரை ஒழுகுது, புள்ளைங்க குறையுது. புள்ளைங்க குறைஞ்சா பள்ளிக்கு வர்ற பணமும் குறையுது. எப்படின்னு கேளுங்க. வருசா வருசம் மத்திய, மாநில அரசு சேர்ந்து பள்ளி மானியம்னு ஒண்ணு தர்றாங்க. 30 புள்ளைங்களுக்குள்ள இருந்தா 10,000 ரூபாய். 100 வரைக்கும் இருந்தா 25,000. அதுக்கு மேல 250 வரைக்கும் 50,000. சாக்பீஸ், விளக்குமாறு, கரண்ட் ரிப்பேர், குழாய் ரிப்பேர் எல்லாம் அதுலதான் பாக்கணும். 31 புள்ளைங்க இருந்த இடத்துல ரெண்டு பேர் வேன் ஏறிப் போயிட்டா 25,000 வர்ற இடத்துல 10,000 வரும். கூரை இன்னும் மோசமாகும். இன்னும் நாலு பேர் போவாங்க. அவங்க ஃபீஸுக்கு நம்ம குழுவுல கடன் வாங்குவாங்க. அதனாலதான் சொல்றேன், பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் நம்ம கடன் நோட்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்க.

நம்ம பெரியவங்க காலத்துல இந்தச் சம்பந்தம் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. காமராஜர் ஐயா 1954-ல இருந்து 1963 வரைக்கும் முதலமைச்சர். அவர் ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் மதிய உணவு போட்டதும் எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு அவ்வளவாத் தெரியாது. அப்ப கல்வி இயக்குநரா இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அவங்க ரெண்டு பேரும் 1958-ல பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு, உங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும், யார் என்ன தர்றீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தர் நிலம், ஒருத்தர் ஓடு, ஒருத்தர் பெஞ்சு, ஒருத்தர் கடிகாரம், கரும்பலகை, தண்ணிப் பானைன்னு கொடுத்தாங்க. நாமக்கல்லெல்லாம் அப்ப சேலம் ஜில்லா. இன்னைக்கு நம்ம ஊர்கள்ல இருக்கிற பழைய பள்ளிகள் பலதும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். அறுபது வருசக் கூரை. நம்ம வீட்டுக் கூரையை அறுபது வருசம் திரும்பிப் பாக்காம விடுவோமா?

கூரை எப்படிக் கெட்டுப் போகுதுன்னு கொஞ்சம் சொல்றேன். இது யாருக்கும் யாரும் சொல்லித் தர்றதில்லை. ஓட்டுக் கட்டடத்துல முதல்ல போறது ஓடு இல்லைங்க, அடியில இருக்கிற மரம். ஒரு ஓடு விலகும், அது வழியாத் தண்ணி இறங்கும், சட்டம் நனையும், நனைஞ்ச மரத்துல கரையான் ஏறும். மேல பாத்தா நல்லாத்தான் தெரியும். குச்சியில தட்டிப் பாத்தா மாவு மாதிரி கொட்டும். தார்சுக் கட்டடம்னா வேற மாதிரி. மரத்து இலை விழுந்து தண்ணி போற குழாய் அடைச்சுக்கும். தண்ணி மேலயே நிக்கும். கான்கிரீட்டுக்குள்ள இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிச்ச கம்பி பெருக்கும், பெருத்தா அடியில காரை வெடிச்சுக் கீழ விழும். கைப்பிடிச் சுவத்துல ஒரு ஆலஞ்செடியோ அரசஞ்செடியோ ரெண்டு இலை விட்டு நிக்கும், அழகா இருக்குதுன்னு விட்டா அதோட வேர் சுவத்தைப் பிளந்துடும். இதுக்கெல்லாம் பொறியாளர் வேண்டியதில்லை. புரட்டாசி மாசம், ஐப்பசி மழைக்கு முன்னாடி, ஒரு ஆள் மேல ஏறி இலையை வாரிப் போட்டுச் செடியைப் புடுங்கினா போதும். அரை நாள் வேலை.

பள்ளிக் கட்டடத்தைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்னு தமிழ்நாடு பாத்திருக்குது. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பசங்க செத்துப் போனாங்க. அதுக்கு முன்னாடி 2004 ஜூலை 16, கும்பகோணத்துல கீத்துக் கூரை தீப்பிடிச்சு 94 புள்ளைங்க. எனக்கு அப்ப பள்ளிக்கூடம் போற வயசு. எங்கம்மா அன்னைக்குச் சோறு ஆக்கலை.

திருநெல்வேலிக்கு அப்புறம் எல்லாப் பள்ளியிலயும் பழைய கட்டடத்தைக் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டுது. எங்க ஊர்லயும் இடிச்சாங்க. இடிச்சது நல்லதுதான். ஆனா இடிக்கிறது ஒரு நாள், கட்டறது எத்தனை நாள்? அஞ்சு வகுப்பும் ஒரே அறையில. மூணாங்கிளாஸ் வாய்ப்பாடு சொல்ல, ஒண்ணாங்கிளாஸ் அ, ஆ சொல்ல, டீச்சர் நடுவுல நின்னுக்கிட்டு இருப்பாங்க. வெயில் காலத்துல வேப்ப மரத்தடி.

அப்ப நாங்க என்ன பண்ணோம்னு சொல்றேன், வேற ஊர்க்காரங்களுக்கு உதவும். மாசத்துல முதல் வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். அதுல தீர்மானம் எழுதினோம். வாயால சொன்னது காத்துல போயிடும், நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டது நிக்கும். இது குழுவுல இருக்கிற நமக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்லை. அதே தீர்மானத்தைக் கிராம சபையிலயும் வச்சோம். போன்ல போட்டோ எடுத்து, தேதி போட்டு, எத்தனை புள்ளைங்க எத்தனை அடி அறையில உக்காந்திருக்காங்கன்னு எழுதி, திங்கட்கிழமை மனு நாள்ல நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்தோம். ஒரு தடவை இல்லைங்க, மூணு தடவை. ரெண்டாம் தடவை போனப்ப ஒரு இடத்துல "கட்டடத்தைப் பத்திப் பொம்பளைங்களுக்கு என்னம்மா தெரியும்"னு கேட்டாங்க. எங்க குழுப் பாட்டி ஒருத்தங்க, சித்தாள் வேலைக்குப் போனவங்க, "இந்த ஊர்ல பாதிக் கட்டடத்துக்கு நாந்தான் சாமி கலவை சுமந்தேன்"னாங்க. அப்புறம் நாற்காலி போட்டாங்க.

இப்பக் கட்டடத்துக்குத் திட்டம் இல்லாம இல்லை. 2022-ல பேராசிரியர் அன்பழகன் பேர்ல பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு அஞ்சு வருசத்துக்கு 7,000 கோடி ரூபாய் அறிவிச்சாங்க. ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையில குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம்னு தனியா இருக்குது. ஆனா திட்டம் கேக்கற ஊருக்குத்தான் சீக்கிரம் வரும். எங்களுக்கு ரெண்டு வகுப்பறை வந்து, இந்த ஜூன்ல புள்ளைங்க உள்ள போயிட்டாங்க. அந்த "படிப்புச் செலவு" அக்கா பேரனைக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுப் போனாங்க. இன்னும் சேக்கலை. பாக்கலாம்.

இங்க ஒண்ணு வெளிப்படையாச் சொல்லிடறேன். நம்ம கூட்டமைப்பு நிதியில இருந்து பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தரலாம்னு போன கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. நல்ல மனசுல சொன்னதுதான். எனக்கு அதுல சம்மதம் இல்லைங்க. நம்ம சேமிப்பு வெத்தலை கிள்ளியும் வாழைக்காய் சுமந்தும் வந்த பணம். வகுப்பறை கட்டறது அரசாங்கத்தோட கடமை, நம்ம வரிப்பணம் அதுக்குத்தான் போகுது. நாம கட்டிக் கொடுத்துட்டா அடுத்த தடவை நம்மகிட்டயே கேப்பாங்க. நாம கொடுக்க வேண்டியது கண்ணும் காலும். போய்ப் பாக்கணும், போய்க் கேக்கணும். மிஞ்சினா அந்த அரை நாள் கூரை வேலைக்குக் கூலி.

அதுக்காக நன்கொடை கொடுக்கிறவங்களை நான் குறைச்சுப் பேசலை. மதுரைப் பக்கம் கொடிக்குளத்துல ஆயி பூரணம் அம்மாள்னு ஒருத்தங்க. பேப்பர்லயும் டிவியிலயும் பாத்திருப்பீங்க. கனரா வங்கியில கிளார்க். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்க இடம் வேணும்னு தெரிஞ்சதும் தன்னோட 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை இந்த ஜனவரியில எழுதிக் கொடுத்துட்டாங்க. ஏழு கோடி பெறும்னு சொன்னாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இறந்து போன தன் மகள் ஜனனி பேரைக் கட்டடத்துக்கு வைக்கணும். ஜனவரி 26 குடியரசு தினத்துல முதலமைச்சர் கையால அவங்களுக்கு விருது கொடுத்தாங்க. அதோட நிக்காம அடுத்த மாசமே இன்னொரு 91 சென்ட் கொடுத்தாங்க. அந்தம்மா பணக்காரக் குடும்பத்துப் படாடோபம் எதுவும் இல்லாம சாதாரணப் புடவையில வந்து நின்னதை டிவியில பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதே நேரம் டியூப்லைட்டுல பாதி வெளிச்சத்தை மறைச்சு "உபயம்" எழுதறவங்களும் இருக்காங்க. சிரிக்காதீங்க, எங்க பள்ளி ஃபேன்ல மூணு இறக்கையிலயும் பேரு இருக்குது.

பழைய கட்டடத்தை இடிக்க ஜேசிபி வந்தப்ப வாசல் பக்கம் ஒரு கல் இருந்துச்சு. அந்தக் காலத்துல நிலம் கொடுத்தவர் பேரு. வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எழுத்தே தெரியலை. கல்லை எடுத்து வைங்கன்னு ஓட்டுநர் தம்பிகிட்டச் சொல்லி, நாங்க நாலு பேர் உருட்டிட்டுப் போய்த் தண்ணித் தொட்டிக்கிட்டச் சாத்தி வச்சோம். தேங்காய் நார் வச்சுத் தேச்சதும் எழுத்து வந்துச்சு. அவரோட பேத்தி நம்ம குழுவுலதான் இருக்காங்க, அவங்களுக்கே அது தெரியாது. புதுச் சுவத்துல அந்தக் கல்லைப் பதிக்கணும். தலைமை ஆசிரியர் சரின்னுட்டாங்க, கொத்தனார் தான் இன்னும் வரலை.

ஆனா கல்லுல பேரு வராதவங்களும் இருக்காங்களே. எங்க பள்ளியில காலை உணவு சமைக்கிறது நம்ம குழு அக்கா ரெண்டு பேர். 2022 செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்ச திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துடுச்சு. அஞ்சரை மணிக்கு அடுப்புப் பத்த வைக்கிறாங்க. மழைன்னும் பாக்கறதில்லை, வீட்டு விசேசம்னும் பாக்கறதில்லை. அப்புறம் கழிப்பறை கழுவற அம்மா. பேரைச் சொன்னா கூச்சப்படுவாங்க. அவங்க ஒரு நாள் வரலைன்னா பெரிய பொம்பளைப் புள்ளைங்க மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு இருக்கும். அவங்களுக்குக் கிடைக்கிறது சொல்ற மாதிரி சம்பளம் இல்லை, அதுவும் மாசா மாசம் வர்றதில்லை.

இன்னைக்கு இந்த மேடையில பொன்னாடை போட ஒரு பட்டியல் இருக்குது. அடுத்த வருசம் அந்தம்மாவையும் பட்டியல்ல சேக்கணும். பொன்னாடையை மட்டும் கொடுத்து அனுப்பிடாதீங்க, அது பீரோவுக்குள்ள போயிடும். கைக்கு உறை, நீளப் பிரஷ், பினாயில் இதெல்லாம் வருசம் பூரா வருதான்னு பாக்கறதும், சம்பளம் பாக்கி இருந்தா கிராம சபையில எந்திரிச்சுக் கேக்கறதும் தான் அவங்களுக்கு நாம பண்ற மரியாதை.

கடைசியா ரெண்டு தேதி சொல்லிட்டு முடிச்சுக்கறேன். வர்ற ஆகஸ்ட் மாசம் எல்லா அரசுப் பள்ளியிலயும் மேலாண்மைக் குழுவைப் புதுசா அமைக்கப் போறாங்க. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். இந்தத் தடவை அங்க படிச்ச பழைய மாணவர்களையும் சேக்கறாங்களாம். உங்க ஊர்ல என்னைக்குன்னு தலைமை ஆசிரியர்கிட்டக் கேட்டு வைங்க. புள்ளை அங்க படிச்சா நீங்க நில்லுங்க. இல்லைன்னா நீங்க படிச்ச பள்ளிக்கூடம்தானே அது, அந்த வழியிலயாவது போங்க. ஆகஸ்ட் 15 கிராம சபை. போன ஏப்ரல் 19 ஓட்டுப் போட அந்தப் பள்ளிக்கூடத்துலதான் வரிசையில நின்னோம். காவிரியில வெள்ளம் வந்தா கரையோரத்து ஜனங்களைக் கொண்டுவந்து தங்க வைக்கிறதும் அங்கதான். போறப்ப உங்க ஊர்ப் பள்ளிக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டு, காரை பெயர்ந்திருந்தா போட்டோ எடுத்துக்குங்க. மனு எழுதத் தெரியலைன்னா எனக்குச் சொல்லி விடுங்க, நாங்க கொடுத்த மனுவோட நகல் மூணும் என்கிட்ட இருக்குது.