முதல் பத்து ஆண்டுகள்



"சுகர் 250 இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் செய்யலையே." சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, வேலைக்குப் போய் வருகிறார், நன்றாகத் தூங்குகிறார். இரண்டாம் வகை நீரிழிவில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த 'ஒண்ணும் செய்யலை'தான்.

இரத்தத்தில் மிகுந்துபோன குளுக்கோஸ் எதிர்ப்படும் புரதங்களில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பால்கோவா கிண்டும்போது வெள்ளைப் பால் மெல்லப் பழுப்பேறுகிறதே, அங்கே சர்க்கரையும் பால் புரதமும் அடுப்புச் சூட்டில் பிணைகின்றன. அதே வகை வேதிவினை உடம்புச் சூட்டில், மிக மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நமக்குள் நடக்கிறது. சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய சர்க்கரையை அளப்பதுதான் எச்பிஏ1சி, அதாவது 'மூன்று மாத சர்க்கரை'. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. ஆகவே பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து இந்த எண்ணைக் குறைத்துவிட முடியாது.

ஹீமோகுளோபினுக்கு நேர்வது இரத்தக்குழாய்ச் சுவருக்கும் நேர்கிறது. சுவர் தடிக்கும், கசியும், ஒருநாள் அடைபடும். முதலில் அடிபடுவன நுண்ணிய குழாய்கள். அவை நிறைந்த இடங்கள் விழித்திரையும் சிறுநீரகமும். நரம்புகளுக்கு ஊட்டம் கொண்டுபோவதும் அவையே.

விழித்திரையில் கசிவு தொடங்கினாலும், பார்வையின் நடுப்பகுதியைத் தொடாதவரை பேப்பர் படிக்க முடியும், வண்டி ஓட்ட முடியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு 'கண் நல்லா இருக்கு' என்று வருவது இதற்குப் போதாது. சொட்டு மருந்து விட்டு, பாவையை விரித்து, விழித்திரையையே பார்க்க வேண்டும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசரும் ஊசியும் பார்வையைக் காப்பாற்றும். சிறுநீரகமும் அப்படித்தான். முதலில் அல்புமின் என்ற புரதம் மிகச் சிறிய அளவில் சிறுநீரில் கசிகிறது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரியாது; 'மைக்ரோ அல்புமின்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகம் ஏறக்குறைய பாதித் திறனை இழந்திருக்கக்கூடும். ஆகவே 'கிரியாட்டினின் நார்மல்' என்ற ஒரு வரியைப் படித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உடம்பில் கடைசியாகக் கவனிக்கப்படும் இடம் அதுதான். "நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியலை" என்று யாராவது சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். பாதத்தின் நரம்பு மரத்துவிட்டது என்று அதற்குப் பொருள். வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலுடன் சுற்றி வந்து, வீடு திரும்பிய பிறகே கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெந்நீரில் கால் வைத்து, சூடு தெரியாமலே வெந்துபோகிறவர்களும் உண்டு. கால் ஆணியைப் பிளேடால் சீவுவது, ஷூவுக்குள் கிடந்த சிறு கல்லோடு நாள் முழுக்க நடப்பது, இப்படித்தான் புண் தொடங்குகிறது. வலி இல்லாததால் அதற்கு ஓய்வு கிடைப்பதில்லை. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆறுவதில்லை. கிருமி எலும்பு வரை போய்விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், சில சமயம் காலையே.

கால் மரத்துப்போனதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை. மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது. தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பயன்பட்ட அதே மென்ரப்பர்தான். 'அதைப் போட்டால் யார் என்ன சொல்வார்களோ' என்று தயங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் வருந்துகிறது.

பெரிய குழாய்களும் தப்புவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் இரண்டின் ஆபத்தும் கூடுகிறது. நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, சோர்வு மட்டுமே தெரியும்.

சரி, எப்போது கவனித்தால் பலன் அதிகம்? பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கண்டுபிடித்த அன்றே ஏதோ ஒரு உறுப்பில் பாதிப்பு இருந்தது. எச்பிஏ1சி சராசரி 7.0 ஆக இருந்த குழுவுக்கு, 7.9 இருந்த குழுவைவிட நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. இது 1998இல் வந்த முடிவு. அதைவிட முக்கியமானது 2008இல் வந்தது. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரண்டு குழுவினரின் சர்க்கரையும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும், தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்குப் பத்தாண்டு கழித்தும் மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன. முதல் ஆண்டுகளில் எடுத்த அக்கறையை உடம்பு நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கிறது.

அதே 2008இல் அமெரிக்காவின் அகார்ட் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அதில் சேர்ந்தவர்கள் நெடுநாள் நோயாளிகள், இதய ஆபத்து உள்ளவர்கள். அவர்களின் எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக முயன்ற குழுவில் மரணங்கள் கூடின. அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே பலருக்கு இலக்கு 7க்குக் கீழே என்றாலும், 75 வயதுப் பெரியவருக்கு அதே எண் பொருந்தாமல் போகலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி அது. மாத்திரை கையில் இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

வீட்டில் யாருக்காவது, குறிப்பாக முப்பதுகளில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ, இப்போதுதான் சர்க்கரை என்று தெரிந்திருந்தால், 'இந்த வயசிலயா' என்று மறைக்காதீர்கள். அவர்களுக்குத்தான் காப்பாற்றிக்கொள்ள அதிகம் மிச்சமிருக்கிறது. கண், கால், சிறுநீரில் அல்புமின் மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். எச்பிஏ1சியை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். கடைசியாக இவற்றை எப்போது பார்த்தோம் என்பது நினைவில் இல்லை என்றால், இந்த வாரமே கிளம்புங்கள்.