தண்டுவடக் கட்டி: நடக்கும்போதே கண்டுபிடிப்போம்

(அரியலூரில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அரியலூர், பெரம்பலூர் பக்கம் முதுகு வலி இல்லாத வீடே இருக்காது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுவது, சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குவது, முந்திரிக் காட்டில் குனிந்து கொட்டை பொறுக்குவது, பருத்தி எடுப்பது என்று எல்லாமே முதுகைப் பதம் பார்க்கிற வேலைதான். இந்த வலிகளில் பெரும்பாலானவை தசைப்பிடிப்பும் தேய்மானமும். ஓய்வெடுத்தால் குறைந்துவிடும். நான் இன்று பேசப் போவது, மிகச் சிலருக்கே வரும் வேறொரு வலியைப் பற்றி.

முதுகெலும்புக்குள்ளே மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். அதிலோ, அதைச் சுற்றியுள்ள உறையிலோ, அதிலிருந்து கிளம்பும் நரம்பிலோ கட்டி வளரலாம். உடலின் வேறு இடத்துப் புற்றுநோய் பரவி வந்தது அல்ல, அங்கேயே தோன்றியது என்பதால் இதை முதன்மைக் கட்டி என்கிறோம். மூளையிலும் தண்டுவடத்திலும் தோன்றும் முதன்மைக் கட்டிகள் 100 என்றால், அவற்றில் 2 முதல் 4 வரைதான் தண்டுவடத்தில் வருகின்றன. அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. 2011 கணக்கெடுப்பில் நம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மக்கள் தொகை சுமார் 13 லட்சம். அதே கணக்கை இங்கே வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் வரும். குறைவுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது "முதுகு வலிக்குது" என்பதுதான்.

எப்படிப் பிரித்து அறிவது? இதைக் கவனமாகக் கேளுங்க.

ஒன்று, இரவில் படுத்தால் கூடுகிற வலி. தூக்கத்திலிருந்து எழுப்பும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும்.

இரண்டு, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போன்ற உணர்வு.

மூன்று, செருப்பு. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் காலில் பலம் குறைகிறது. விழுந்ததே தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைகிறது. இதனால்தான் நாங்கள் எல்லோரிடமும் "செருப்பு நழுவுதா?" என்று கேட்கிறோம்.

நான்கு, கழுத்துப் பகுதியில் கட்டி இருந்தால் சட்டைப் பொத்தான் போடவும், சோறு பிசையவும் கை தடுமாறும்.

ஐந்து, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம். கால் திடீரென்று மரத்துப் பலம் குறைந்து, சிறுநீரும் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்க.

இந்த அறிகுறிகள் இருக்கும்போது "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்து உருவுவதும் நெட்டி முறிப்பதும் வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டிக் கொடுக்கும். முதுகெலும்புக் காச நோயும் இதே மாதிரி காலைப் பலவீனமாக்கும். அதற்கு மருந்து வேறு. ஆகவே என்ன நோய் என்று உறுதியாவது முக்கியம்.

ஸ்கேனில் "கட்டி" என்றதும் பலர் புற்றுநோய் என்று பதறிவிடுகிறார்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் வகை அல்ல. நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும் உறைக் கட்டியும், நரம்புக் கட்டியும் தண்டுவடத்துக்கு வெளியே இருந்து அழுத்துபவை. பெரும்பாலும் முழுதாக எடுத்துவிடலாம். தண்டுவடத்துக்கு உள்ளேயே வளர்பவை கடினமானவை. பெரியவர்களுக்கு வரும் எபெண்டிமோமாவுக்குப் பெரும்பாலும் எல்லை தெளிவாக இருக்கும், எடுக்க முடியும். குழந்தைகளிடம் அதிகம் காணும் ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்போடு கலந்து வளரும். இயன்றவரை எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் கதிர்வீச்சு தருவோம்.

"முதுகுல ஆபரேஷன் பண்ணா கால் போயிடும்" என்ற பயம் ஊரெல்லாம் இருக்கு. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு அறுவைக்குப் பின் சில வாரம் பலவீனம் கூடித் தெரியலாம். ஆனால் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1887-லேயே ஒரு தண்டுவடக் கட்டியை எடுத்தார், நோயாளி மீண்டும் நடந்தார். சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இன்று நுண்நோக்கி இருக்கிறது, அறுவை நடக்கும்போதே நரம்பின் சைகையைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறது. எங்கள் அனுபவம் சொல்வது ஒன்றுதான்: நடந்து வருகிறவர் பெரும்பாலும் நடந்தே வீடு திரும்புகிறார். படுத்த படுக்கையாகிப் பல நாள் கழித்து வருபவருக்கு அந்த வாய்ப்பு குறைகிறது.

செலவுக்கு என்ன செய்வது? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்க. நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே அட்டை வாங்கி வையுங்க. சந்தேகத்துக்கு 1800 425 3993. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சி விட்டுப்போகக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருவார்கள். உங்க ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்க. எம்.ஆர்.ஐ. அறிக்கை, சதைப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து செல்போனில் வையுங்க. கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்கப் பல ஆண்டுகள் அவை தேவைப்படும்.

இன்று வீட்டுக்குப் போனதும் முதுகு வலி என்று முனகுகிற பெரியவர் யாராவது இருந்தால், "ராத்திரி படுத்தா வலி கூடுதா? செருப்பு நழுவுதா?" என்று இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்க. ஆமாம் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.