வாசலுக்கு வெளியே போகிற கணக்கு

(நமது மைசூரு கிளையின் மகளிர் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"வீட்டுச் செலவில் சிக்கனம்" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். காரியதரிசி மாமி போனில் கூப்பிட்டபோது எங்காத்து மாமா பக்கத்திலிருந்து, "சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள், தீக்குச்சியையே எண்ணுகிறவள்" என்றார். அது உண்மைதான். கல்யாணமாகி 1979-ல் கும்பகோணத்திலிருந்து மைசூருக்கு வந்த நாள் முதல் கணக்கு நோட்டு எழுதுகிறேன். இன்றுவரை ஒரு மாதம் கூட விட்டதில்லை.

முதலில் கேஸ். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 10 கிராம் கேஸ் ஆகிறது. நம் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. இரண்டு டம்ளர் டிகாக்ஷனுக்கு ஒரு பாத்திரம் நிறைய வெந்நீர் வைத்துவிட்டு மீதியை ஆறவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது டம்ளரால் அளந்து வைக்கிறேன். கடலை, ராஜ்மாவை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிடுவேன். குக்கரில் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக அடுக்குவேன். கொதி வந்ததும் அடுப்பைத் தணித்து மூடி போடுவேன். இவ்வளவுதான். 42 நாள் வந்த சிலிண்டர் 55 நாள் வருகிறது. குளியலுக்கு மாடியில் சோலார் இருக்கிறது, அதனால் இந்தக் கணக்கில் வெந்நீர் சேரவில்லை.

அடுத்தது தண்ணீர். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஆசையாக ஆர்.ஓ. மெஷின் ஒன்று மாட்டிவிட்டுப் போனான். அதன் பின்புறக் குழாய் சிங்க்கில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் வாளி வைத்துப் பார்த்தேன். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு குடத்துக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது! மீட்டர் வாங்கி நம் காவேரித் தண்ணீரில் உப்பை அளந்தால் 200-க்குக் கீழே. 500-க்குக் கீழே இருக்கும் இடத்தில் ஆர்.ஓ. வேண்டியதில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. கண்ணம்பாடி அணை நிறைந்தால் பூஜை செய்கிற ஊர் இது, அந்தத் தண்ணீரை இப்படி விடலாமா? மெஷினைக் கழற்றினேன். வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறோம். போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள் அளந்து பார்த்து முடிவு செய்யவும், என் பேச்சைக் கேட்டுக் கழற்றிவிட வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. 2023-ல் கிருஹ ஜோதி வந்ததே, அதில் முந்தைய வருஷத்துச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து, 200 யூனிட்டுக்குள் இலவசம் என்றார்கள். எங்காத்துச் சராசரி 62. ஆக 68 யூனிட் வரைதான் இலவசம். பகலெல்லாம் ஹாலில் விளக்கெரியும் வீட்டுக்காரர்களுக்கு 170, 180 வரை! விளக்கை அணைத்து அணைத்துச் சேர்த்த புண்ணியம் இப்படிப் போயிற்று என்று மாமா இன்னமும் கேலி செய்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், மிஞ்சின குழம்பைச் சுண்டவைப்பது, பழையதில் மோர், அரிசி களைந்த ஜலம் செடிக்கு என்று நம் பாட்டிகள் செய்யாததா? ஆனால் ஐ.நா. சபை 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷம் 55 கிலோ உணவு வீணாவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். தோல், கொட்டை எல்லாம் இதில் சேர்த்திதான். இருந்தாலும் நான்கு பேர் வீட்டுக்கு 220 கிலோ! எனக்குத் தெரிந்த காரணம் ஃப்ரிட்ஜ்தான். "நாளைக்கு ஆகும்" என்று வைக்கிறோம். நாலாம் நாள் எடுத்துக் கொட்டுகிறோம். அதனால் வெள்ளிக்கிழமை எங்காத்தில் புதுத் தளிகை கிடையாது என்று வைத்துப் பார்த்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைக்கு மாற்றினேன், நடக்கிறது.

இனி சொல்லப்போவதை எழுதிக்கொண்டு வரவில்லை. சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

மாமா சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டுவிடுவது என் வழக்கம். எல்லாவற்றையும் ஒரே பையில். பச்சை வாளி, நீல வாளி இரண்டும் மாடிப்படியடியில் தூசி படிந்து கிடந்தன. பிரித்துப் போட நேரமில்லை என்பேன். கணக்கு எழுத மட்டும் நேரம் இருந்தது! ஒரு நாள் காலை குப்பை எடுக்கிற அம்மா வாசலில் நின்று, "சூஜி சுச்சித்து, அம்மா" என்றாள். கட்டைவிரலில் ரத்தம். என் வாசலிலேயே பையைப் பிரித்துக் கையால் பொறுக்கியிருக்கிறாள். எத்தனை வருஷமாக அப்படிச் செய்கிறாள் என்பதையே அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டோவில் அழைத்துப் போனேன். டாக்டர் மாமாவின் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொன்னார், மஞ்சள் காமாலைக்கும் இன்னொன்றுக்கும். அந்த இன்னொன்றின் பெயரை வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். எல்லாம் சுத்தமாக வந்தது. ஆனால் ரிசல்ட் வரும்வரை அவள் தன் ஒன்றரை வயதுப் பேத்தியைத் தூக்கவில்லையாம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஊசிக்கும் டெஸ்டுக்கும் அவள் இழந்த இரண்டு நாள் கூலிக்கும் நான் பணம் கொடுத்தேன். நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

மாமிகளே, வீட்டுக்குள் நமக்கு மடி, ஆசாரம் எல்லாம் உண்டு. எச்சில் பட்டால் கை அலம்புகிறோம். அதே எச்சிலையும் ஊசியையும் முடிச்சுப் போட்டு இன்னொருத்தி கையில் கொடுப்பதை ஆசாரத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். மைசூரு 2016-ல் 73 நகரங்களில் முதல் இடம் வந்தபோது நானும்தான் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து பெருமைப்பட்டேன். அந்த முதல் இடம் யார் கையால் வந்தது என்று அன்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் கும்பாரகொப்பல் குப்பை நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். பால் கவர், பாட்டில், செருப்பு, அட்டை என்று வகைவகையாகப் பிரித்து விற்கிறார்கள். ஈரக் குப்பை எருவாகி விவசாயிகளுக்குப் போகிறது. அந்த வருமானத்தில்தான் வேலை நடக்கிறது. சாம்பார் ஊறின அட்டையை யாரும் வாங்குவதில்லை. நாம் கலந்து போட்டால் அவர்களுக்கு அந்தக் காசும் நஷ்டம்.

இப்போது எங்காத்தில் மூன்று பாத்திரம். தோல், காப்பிச் சக்கை மாடியில் மண்பானைக்குப் போகிறது. உலர்ந்த இலையும் ஒரு கரண்டி புளித்த மோரும் சேர்த்தால் நாற்றம் வராது. வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் இலை போடவும். பால் கவரை அலம்பிக் காயவைத்துச் சேர்க்கிறேன். ஊசியும் உடைந்த கண்ணாடியும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடியோடு. மேலே சிவப்பு மையால் கன்னடத்தில் "சூஜி" என்று எழுதி, அவள் கையில் சொல்லிக் கொடுக்கிறேன். 2016-ன் விதிகளிலும் இவற்றைத் தனியாகத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

வாசல் மேஜையில் காலி டப்பாக்கள் இருபது வைத்திருக்கிறேன். ஆத்தில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இருந்தால் போகும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். காப்பி தயாராகிவிட்டது என்று காரியதரிசி மாமி கை காட்டுகிறார்.